வேற்றுக்கோளும் நம் வீட்டு வாசலும்

இரும்பினாலும் கம்பியினாலும் செய்யப்பட்ட ஒரு நாயிடம் தமிழ் வாசகர் தம் மனத்தைப் பறிகொடுத்த காலம் ஒன்று உண்டு. திருவரங்கத்து வீதிகளில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' என்னும் தொடரில் வரும் ஜீனோவைத்தான் சொல்கிறேன். அது நூல்களைப் படிக்கும், சிந்திக்கும், நையாண்டி செய்யும். இயந்திரம்தான் என்று நன்கு அறிந்திருந்தும், அதற்கு ஓர் இடர் வரும்போது வாசகரின் நெஞ்சு பதைக்கிறது. அறிவியற் புனைகதையின் தனிச்சிறப்பே இதுதான் எனலாம். நம் இரக்கத்தின் எல்லைக் கல்லைப் பிடுங்கி, இன்னும் சற்றுத் தொலைவில் நட்டுவிட்டுப் போகிறது அது. இயந்திரமும் வேற்றுக்கோளினரும் அந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றனர்.

இத்துணைத் தொலைவு விரியக் கூடிய அந்த இரக்கம், நம் தெருவில் நடந்து செல்லும் ஒரு மனிதனிடம் வந்ததும் ஏன் சுருங்கிவிடுகிறது? ஆணிடம் ஈர்ப்புக் கொள்ளும் ஆணையும் பெண்ணிடம் ஈர்ப்புக் கொள்ளும் பெண்ணையும் மனத்திற்கொண்டே இவ்வினாவை எழுப்புகிறேன். தன்பாலீர்ப்பினர் என்று இன்று அவர்களைக் குறிக்கிறோம். கொல்லிமலை அடிவாரத்து ஊராகிய உப்பிலியபுரத்தில் இச்சொல்லை யாரும் பேசக் கேட்டதில்லை. வேறு சொற்கள் உண்டு. அவற்றை இவ்விதழில் எழுதுதல் தகாது. ஆனால் நம் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் கூடும் இளைஞர் வாயில் அவை சரளமாகவே புழங்குகின்றன.

எதிர்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் இவ்வெறுப்பை எவ்வாறு காட்டினார்கள் என்று பார்த்தால் பயன் உண்டு. நிகழ்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத கறை, வேற்று உலகத்து வெளிச்சத்தில் தெரிகிறது. தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் சென்றபோது நேரே குற்றம் சாட்டவில்லை அல்லவா? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையைச் சொன்னார். அரசன் சினந்து தீர்ப்பிட்டான். தீர்ப்பு வாயிலிருந்து வந்த பிறகே அந்த மனிதன் நீயே என்றார். அறிவியற் கதையாசிரியர்களுள் நல்லவர்கள் நாத்தானின் வழியைப் பின்பற்றுகிறவர்கள்தாம்.

அமெரிக்க எழுத்தாளர் தியோடர் ஸ்டர்ஜன் 1953இல் 'த வேர்ல்ட் வெல் லாஸ்ட்' என்றொரு சிறுகதை வெளியிட்டார். திர்பானு என்ற கோளிலிருந்து இருவர் பூமிக்கு வந்து சேர்கின்றனர். ஒருவரையொருவர் பிரியாத அவ்விருவரையும் பூமியின் மக்கள் காதற்பறவைகள் என்று பெயரிட்டுக் கொண்டாடுகிறார்கள். பூமியோடு எவ்வித உறவும் வேண்டாம் என்றிருந்த திர்பானுவோ, அவர்கள் குற்றவாளிகள், திருப்பி அனுப்புங்கள் என்கிறது. அனுப்பும் பணி இரு விண்கல ஊழியரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒருவன் ரூட்ஸ், வாயாடி, பெண்களைப் பற்றியே பேசுகிறவன். மற்றவன் கிரண்ட்டி, பேருடலும் பெருமௌனமும் கொண்டவன். அந்த மௌனத்துக்குள் யாருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது: அவன் ரூட்ஸிடம் அன்பு கொண்டிருக்கிறான். கைதிகள் பிறர் மனத்தைப் படிக்க வல்லவர்கள் என்பதைக் கிரண்ட்டி உணர்கிறான். தன் உள்ளம் தெரிந்துவிட்டது என்ற திகிலில் அவர்களைக் கொன்றுவிடத் துணிகிறான். அப்போது அவர்கள் படம் வரைந்து காட்டுகிறார்கள். திர்பானுவின் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் முற்றிலும் வேறானவர்கள், இவ்விருவரும் ஆண்கள். பூமியில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருப்பதால், திர்பானுவின் கண்ணுக்கு நம் உலகம் முழுவதுமே தன்பாலீர்ப்பினர் உலகம்! பூமியை அது ஒதுக்கியதும் அதனால்தான். கிரண்ட்டி கைதிகளை உயிர்காப்புக் கலத்தில் ஏற்றி விடுவித்துவிடுகிறான்.

இக்கதையில் என்னை நிறுத்துவது அந்தக் கொலைத் துணிவு. வெறுப்பவன் வேறு, வெறுக்கப்படுகிறவன் வேறு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கிரண்ட்டியிடம் இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தன்னைப் போன்ற இருவரைக் கண்டதும் அவனுக்கு முதலில் வந்தது உறவு அன்று, அச்சம். வெளிப்பட்டுவிடுவோம் என்ற அச்சம் ஒரு சாந்தமான மனிதனைக் கொலைகாரனாக்கப் போதுமானதாக இருக்கிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் குருவின் வாயைத் திருஅவை ஏன் இத்துணை இறுக்கமாக முத்திரையிட்டு வைத்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். சொன்னால் அழிந்துவிடுவேன் என்ற அச்சம் இல்லாத ஓர் இடமாவது மனிதனுக்கு உலகில் வேண்டும்.

கதை வெளிவந்த அதே ஆண்டுகளில் உண்மையாகவே ஒன்று நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை 1950இல் 'மைண்ட்' என்ற மெய்யியல் இதழில் எழுப்பியவர் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை. ஜீனோவுக்குக் கொள்ளுப்பாட்டன் என்று அவரைச் சொன்னால் பிழையாகாது. நம் மண்ணோடும் அவருக்கு உறவு உண்டு. அவருடைய தாய் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். தாய்வழிப் பாட்டனார் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைத்ததில் டூரிங்கின் பங்கு பெரிது. 1952இல் வேறோர் ஆணோடு உறவு கொண்டார் என்பதற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறை, அல்லது ஈர்ப்பை அடக்குவதற்காக ஓராண்டு பெண்மை இயக்குநீர் செலுத்திக்கொள்ளுதல். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். இரண்டாவதைத் தேர்ந்தார். 1954 ஜூன் 7 அன்று சயனைடு நஞ்சினால் இறந்தார். தற்கொலை என்பது விசாரணையின் முடிவு. 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் அவரை நடத்திய விதத்துக்கு மன்னிப்புக் கோரினார். 2013இல் அரசியின் பொதுமன்னிப்பு வந்தது. 2021 ஜூன் 23 அன்று, அவர் பிறந்த நாளில், அவர் உருவம் பொறித்த 50 பவுண்டுத் தாள் வெளியாயிற்று. இறந்த அறிஞருக்கு ரூபாய் நோட்டில் இடம் கொடுப்பது எளிது.

டூரிங்கைத் தண்டித்த சட்டமும் நம் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவும் ஒரே நூற்றாண்டின் ஒரே மனப்பாங்கில் பிறந்தவை. 377 என்பது 1860இல் ஆங்கிலேயர் நமக்கு இயற்றித் தந்தது. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. நாமோ 2009இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு கதவைத் திறந்து, 2013இல் உச்ச நீதிமன்றத்தில் அதை மூடி, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் மீண்டும் திறந்தோம். தன்பாலீர்ப்பு மேனாட்டு இறக்குமதி என்று மேடையில் முழங்குகிற அன்பர்கள், அதைத் தண்டித்த சட்டமே இறக்குமதி என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நடந்தது ஒரு சிறுகதைக்குரியது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டனர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கே முன்முடிவுகள் உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் மாணவனைப் போல் அமர்ந்து கேட்டறிந்த பிறகே ஆணை எழுதினார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றுகிறேன் என்று கிளம்புவோரைத் தடைசெய்தது அந்த ஆணை. அதன் தேதி ஜூன் 7. டூரிங் இறந்த நாள். யாரும் திட்டமிட்டதன்று. கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

மீண்டும் கதைகளுக்கு வருவோம். ஊர்சுலா லெ குயின் 1969இல் எழுதிய 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலில் வரும் பனிக்கோளின் மக்கள் மாதத்தின் பெரும்பகுதி ஆணுமல்லர், பெண்ணுமல்லர். எப்போதும் ஆணாகவே இருக்கும் பூமியின் தூதனை அவர்கள் பிறழ்ந்தவனாகப் பார்க்கிறார்கள். ஜோ ஹால்டுமேன் 1974இல் எழுதிய 'த ஃபாரெவர் வார்' நாவலில், விண்போருக்குப் போன வீரன் காலம் பிறழ்ந்து பல நூற்றாண்டுகள் கழித்துத் திரும்புகிறான். மக்கட்பெருக்கத்துக்கு அஞ்சிய உலகம் தன்பாலீர்ப்பையே இயல்பாக்கிவிட்டிருக்கிறது. பெண்ணை விரும்பும் அவன் தன் படையினரிடையே முதுகுக்குப் பின்னால் எள்ளப்படுகிறான். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் 1992இல் வந்த 'அவுட்காஸ்ட்' என்ற பகுதியும் இதே வகையினது. பால்வேறுபாட்டையே துறந்துவிட்ட ஓர் இனத்தில் சோரன் என்ற ஒருவர், தன்னைப் பெண்ணாக உணர்ந்தமைக்காக விசாரிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு உட்படுத்தப்படுகிறார். காப்பாற்ற வந்த காதலனிடம், எனக்குக் குணமாகிவிட்டது, நான் நோயுற்றிருந்தேன் என்று அமைதியாகச் சொல்லும் அந்தக் கடைசிக் காட்சி அஞ்சத்தக்கது. வென்ற கொடுமை கூச்சலிடுவதில்லை, நன்றி சொல்லவைக்கிறது.

இக்கதைகள் எல்லாம் ஒரே உத்தியைக் கையாள்கின்றன. தராசைத் தலைகீழாகப் பிடித்துப் பெரும்பான்மையினரைச் சிறுபான்மையின் தட்டில் வைக்கின்றன. பிறர் உங்களுக்குச் செய்ய வேண்டும் என விரும்புவதை நீங்கள் பிறருக்குச் செய்யுங்கள் என்ற ஆண்டவரின் பொன்விதியைக் கற்பனையால் பழகிப் பார்க்கும் பயிற்சி இது. ஆயினும் இதில் ஒரு குறையும் எனக்குத் தோன்றுகிறது. எனக்கு நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதையே அளவுகோலாகக் கொண்டால், எனக்கு நேரவே முடியாதவற்றின் முன் என் இரக்கம் நின்றுவிடும். நல்ல சமாரியர், அடிபட்டுக் கிடந்தவனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்ததாக லூக்கா எழுதவில்லை. கண்டார், பரிவு கொண்டார். அவ்வளவே. மற்றொன்றும் சொல்ல வேண்டும். எல்லா இனத்தாரும் சமமென்று பறைசாற்றிக்கொண்டு 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் உலகம், தன் தொலைக்காட்சித் தொடர்களில் தன்பாலீர்ப்புடைய நிரந்தரப் பாத்திரம் ஒன்றுக்கு இருக்கை கொடுக்க 2017 வரை காத்திருந்தது. விண்மீன்களுக்கு இடையே பறக்கத் துணிந்த கற்பனைக்குங்கூட இங்கே வந்ததும் கால் தடுக்கியது.

இனி நம் வீட்டுக் கணக்கு. வெறுப்பைப் பற்றிப் பேசும் நீர், உம் திருஅவையே அதற்கு வித்திட்டதில்லையா என்று ஒருவர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. திருஅவையின் போதனை தெளிவானது: திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது, அதற்குப் புறம்பான உறவை, அது எவ்வகையினதாயினும், அது ஏற்பதில்லை. அப்போதனையில் நின்றே நானும் எழுதுகிறேன். ஆனால் 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு இப்பொருளைப் பேசும் இடத்தில், இவர்களை மதிப்போடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் சாயல்கூடக் கூடாது என்றும் போதிக்கிறது. அதற்கு முன்பே 1986இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுத்த கண்டிப்பான மடல், இவர்கள்மீது சொல்லாலும் செயலாலும் நிகழும் வன்மத்தை இழிவானது என்று கண்டித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில், தன்பாலீர்ப்பு குற்றச்செயலன்று, அதைத் தண்டிக்கும் சட்டங்கள் அநீதியானவை என்று வெளிப்படையாகக் கூறினார். போதனையின் முதற் பகுதியை மனப்பாடம் செய்துவிட்டு இரண்டாம் பகுதிக்கு முன்பே நூலை மூடிவிடுகிறவர்கள் போதனைக்கு உண்மையானவர்கள் ஆகார்.

'பாவத்தை வெறு, பாவியை நேசி' என்ற வாய்பாட்டை இங்கே எடுத்து நீட்டுவோர் உண்டு. நல்ல வாய்பாடுதான். எனினும் அதை நாம் எங்கெங்கே பயன்படுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். ஏழைக் குடியானவனிடம் மீட்டர் வட்டி வாங்குகிறவர் திருவிழாவில் முதல் மரியாதை பெறுகிறார். வரதட்சிணை பேரம் பேசியவர் மகனுடைய திருமணத்துக்கு ஊரே வந்து உண்கிறது. சாதி கேட்டுக் கல்லறையில் இடம் ஒதுக்குகிறவர் பங்குப் பேரவையில் அமர்கிறார். இவர்கள் பாவத்தையும் நாம் வெறுப்பதில்லை, இவர்களையும் வெறுப்பதில்லை. நடையில் சிறிது நளினம் தெரிகிற பதினாறு வயதுப் பையன் ஒருவன், எந்தப் பாவமும் செய்யாதவன், பாடற்குழுவில் நிற்கையில் மட்டும் நமக்கு ஒழுக்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒழுக்கத்தின்மீதுள்ள பற்று இதுவாக இருந்தால் அது ஏன் ஆள் பார்த்து எழுகிறது? பாவத்தை வெறுக்கிறவனுக்கு முதலில் தன் பாவம்தான் கண்ணில் படும் என்பதே நாம் குருமடத்தில் கற்ற இறையியல்.

சோதோமைப் பற்றியும் ஒரு சொல். அந்நகரின் பெயரைச் சொல்லி இவர்களை ஏசுவோர் எசேக்கியேல் நூலின் பதினாறாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கலாம். செருக்கு, வயிறு புடைக்க உணவு, கவலையற்ற வாழ்வு, எளியோருக்குக் கை நீட்டாமை ஆகியவற்றையே இறைவாக்கினர் அந்நகரின் குற்றங்களாக முதலில் எண்ணுகிறார். அருவருப்பானவற்றைச் செய்தார்கள் என்பது அவற்றுக்குப் பின்னரே வருகிறது. நம் ஆண்டவரும் தம் சீடரை ஏற்றுக்கொள்ளாத ஊரைக் குறித்துப் பேசும்போதே சோதோமை நினைவூட்டினார். தொடக்கநூல் கூறும் அந்த இரவில் நகரத்தார் திரண்டு வந்தது, அடைக்கலம் தேடி வந்த அந்நியரை வன்முறையால் இழிவுபடுத்துவதற்கு. ஒருவனைத் தனியாக்கிக் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும் அந்தச் செயல் இன்று எந்தப் பக்கத்தில் நடக்கிறது என்பதை வாசகர் சிந்திப்பாராக. கோவிலின் பேரவைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அண்ணகருக்கு எசாயா நம்பிக்கை சொன்னதும், எத்தியோப்பிய அண்ணகரின் தேரில் பிலிப்பு ஏறி அமர்ந்ததும் அதே திருவிவிலியத்தில்தான் இருக்கின்றன.

நம் சிற்றூர்களில் இவ்வெறுப்பு கல்லெறியாக வருவது அரிது. அது அக்கறையின் உருவத்தில் வருகிறது. மகனிடம் ஏதோ வேறுபாடு தெரிகிறது என்று உணர்ந்த பெற்றோர் முதலில் மந்திரிக்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். பிறகு பேய் ஓட்டும் செபக்கூட்டத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே அவன் தலையில் கைவைத்துக் கூச்சலிடும்போது அவன் பெறுவது விடுதலை அன்று. தன்னுள் பேய் இருக்கிறது என்ற நம்பிக்கை. சோரனுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைக்கும் இதற்கும் கருவிகளில்தான் வேறுபாடு. எதுவும் பலிக்காதபோது கடைசி மருந்தாகத் திருமணம் வருகிறது. கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பங்குத்தந்தை வாளாவிருக்க முடியாது. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டம் இங்கே ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ கொடுக்கப்பட்ட சம்மதம் சம்மதமே அன்று என்கிறது 1103ஆம் எண். பெற்றோர்மீதுள்ள பெருமதிப்பினாலே எழும் அச்சமும் கடுமையாகும்போது இதில் அடங்கும் என்பதைத் திருஅவை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. மணவாழ்வைப் பெரிதும் குலைக்கக் கூடிய ஒரு தன்மையை ஏமாற்றி மறைத்துச் சம்மதம் பெற்றால் அத்திருமணம் செல்லாது என்கிறது 1098. திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை உள்ளக் காரணங்களால் ஏற்க இயலாதவனின் நிலையை 1095 எடுத்துரைக்கிறது. ஆக, மகனைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பெற்றோர் நடத்தும் அந்த விழா, பந்தலும் பூவும் பாடற்பூசையும் இருந்தும், அருளடையாளம் ஆகாமற் போகக் கூடும். அதிலும் கொடியது, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணை அவன் நோய்க்கு மருந்தாகக் கொண்டுவந்து கொடுப்பது. மருந்து பலிக்கவில்லை என்றால் பழி அவள்மீதே விழும். மலடி என்ற பெயரும் அவளுக்கே வரும். அவளும் யாரோ ஒரு வீட்டில் பெற்று வளர்த்த பிள்ளை. அவனுடைய மறைவாழ்வின் பாரத்தை முன்பு அவன் ஒருவனே சுமந்தான். இனி இருவர் சுமப்பார்கள். பிள்ளைகள் பிறந்தால் அவர்களும்.

இதற்கு மாற்றாகத் திருஅவை எதைக் காட்டுகிறது என்ற கேள்வி நியாயமானது. கற்பு நெறியில் வாழும் தனிவாழ்வை அது காட்டுகிறது. அது எளிதன்று என்பதை அவ்வாழ்வைத் தாமே விரும்பித் தேர்ந்துகொண்ட குருக்கள் நன்கு அறிவர். எங்களுக்கோ ஊர் மதிப்பும் தோழமையும் மறைமாவட்டத்தின் ஆதரவும் உண்டு. அவனுக்கு இவற்றில் எதையும் கொடுக்காமல், வாழ்வை மட்டும் கேட்பது எவ்விதத்தில் நீதி? நண்பர் வேண்டும், உண்ண ஒரு வீடு வேண்டும், நோயுற்றால் அருகிருக்க ஒருவர் வேண்டும். அவன் வீட்டாரே கதவைச் சாத்திவிட்ட பிறகு, கற்பைப் பற்றி நாம் அவனுக்குப் பேசும் சொற்கள் காற்றில்தான் போகும். திருஅவையின் பரிவு அன்பியக் கூட்டத்தில் அவனுக்கு ஒரு பாய் விரிக்கவில்லை என்றால், உரோமையிலிருந்து எத்தனை மடல் வந்தாலும் உப்பிலியபுரத்துக்கு அது வந்து சேரவில்லை என்றே பொருள்.

திருமணத்துக்கு முந்திய விசாரணையில், முழு மனத்தோடு, யாருடைய வற்புறுத்தலுமின்றி வருகிறாயா என்ற கேள்வி இருக்கிறது. ஓலை வாசிக்க நாள் நெருங்கிவிட்டது, பத்திரிகை அச்சாகிவிட்டது என்ற பரபரப்பில் இக்கேள்வி ஓடிவிடுவதுண்டு. பல இடங்களில் தாய் அருகில் அமர்ந்திருப்பார். தாய்மாமன் கதவோரம் நிற்பார். விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். குருக்களாகிய சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கேள்வியை மணமகனிடமும் மணமகளிடமும் தனித்தனியே, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள். உறவினர் வெளியே மரத்தடியில் சற்று இருக்கட்டும். விடை வரச் சிறிது நேரம் ஆனாலும் ஆகட்டும். ஓலையை அடுத்த ஞாயிறும் வாசிக்கலாம்.